பலகாரத்தை விடுங்கள், தேத்தண்ணியைப் பாருங்கள்

சீனியைக் குறைக்க வேண்டும் என்று நினைக்கிற யாழ்ப்பாணத்து ஆட்கள் முதலில் கைவைப்பது பலகாரத்தில்தான். பயத்தம் பணியாரம் வேண்டாம், அரியதரம் வேண்டாம், கலியாண வீட்டில் கேக் துண்டைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நாலு மணித் தேத்தண்ணிக்கு மட்டும் வழக்கம்போல இரண்டு கரண்டி குவித்து விழும். ஒரு கிழமை கழித்து, பலகாரத்தை இவ்வளவு ஒதுக்கியும் இனிப்பு ஆசை ஏன் போகவில்லை என்று சலித்துக்கொண்டு எல்லாவற்றையும் கைவிட்டுவிடுவார்கள். பலகாரம் எப்போதாவது வீட்டுக்கு வருவது. ஆசையை நாள்தோறும் உயிரோடு வைத்திருப்பது தேத்தண்ணி.

கணக்கு இதுதான். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். எங்கள் வீடுகளில் யாரும் வழித்துப் போடுவதில்லை. குவித்துப் போட்டால் அது 6 அல்லது 7 கிராம் ஆகிவிடும். கப்புக்கு இரண்டு குவித்த கரண்டி, நாளுக்கு ஐந்து கப் என்று வைத்தால் 65 கிராம். மாதத்துக்கு ஒருவருக்கே 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சேர்க்கும் சீனி மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 வீதத்துக்குக் கீழே இறக்கினால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு முதலாவது அளவு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். ஒரு துண்டு பலகாரமும் தொடாமல், வெறும் தேத்தண்ணியாலேயே முதல் எல்லையைத் தாண்டிவிடுகிறோம். தேன், பனங்கட்டி, சக்கரை, பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழமும் வெறும் பாலும் சேராது.

உங்கள் வீட்டுக் கணக்கை அறிய டயறி எழுதத் தேவையில்லை. ஒரு கிலோ சீனிப் பை உடைக்கும் அன்றைக்குப் பையிலேயே திகதியை எழுதுங்கள். முடிந்ததும் ஆயிரத்தை, நாட்களாலும் ஆட்களாலும் பிரியுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஐந்து நாளில் முடிந்தால் ஆளுக்கு 50 கிராம். பிஸ்கட், பணிஸ், சோடா இதற்கு வெளியே. இந்த ஒரு எண் தெரிந்தால் எங்கே நிற்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

குறைப்பது சீனிப் போத்திலில் தொடங்குவதில்லை, கேத்திலில் தொடங்குகிறது. தேயிலைச் சாயம் கடுமையாக இருந்தால் நாக்கு சீனி கேட்கும். தேயிலைத் தூளைப் போட்டு அடுப்பில் கொதிக்க விடுவதும், பழைய சாயத்தைத் திரும்பச் சூடாக்குவதும் துவர்ப்பை இழுத்து வெளியே கொண்டுவரும். அந்தத் துவர்ப்பை மூடத்தான் இரண்டாவது கரண்டி விழுகிறது. எனவே முதற் கிழமையில் சீனியைத் தொடாதீர்கள், சாயத்தைத் திருத்துங்கள். கப்புக்கு மட்டமான ஒரு தேக்கரண்டி தூள், கொதித்த தண்ணி, மூன்று நிமிடம், உடனே வடித்துவிடுவது. தூளை அடுப்பில் வைக்கவே கூடாது. ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டாலோ, ஏலக்காயோ கறுவாப்பட்டையோ சேர்த்தாலோ இனிப்பு மணம் மூக்கில் ஏறும். அந்த மணத்தையும் சேர்த்துத்தான் நாங்கள் இனிப்பு என்று உணர்கிறோம். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து இடித்த கோப்பித்தூள் வீட்டில் இருந்தால் இன்னும் சுகம். கோப்பியின் கசப்புக்கு நகக்கண் அளவு உப்புப் போடுங்கள். உப்புக் கசப்பை அடக்கும், அதனால் குறைந்த சீனியே அதிகமாகத் தெரியும்.

அடுத்த கிழமை கரண்டியை வழியுங்கள். கத்தியின் முதுகால் ஒரு இழுப்பு. இரண்டு கரண்டி இரண்டு கரண்டியாகவே இருக்கும், ஆனால் கப்பில் இருந்த 13 கிராம் 8 கிராமாக இறங்கிவிடும். வீட்டில் உள்ள மற்றவர்கள் இதைப் பெரிதாக உணரமாட்டார்கள். அதன்பின் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைக் கரண்டி வீதம் இறங்குங்கள். ஒன்றரை, ஒன்று, அரை. அரைக் கரண்டியில் இருந்து ஒன்றுமில்லாததற்குப் போவதுதான் பலருக்குக் கடினமான படி. அங்கே நின்றுவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து கப்புக்கு அரைக் கரண்டி என்றால் மொத்தம் 10 கிராம்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்களுக்கு நடப்பது வேறு. தேத்தண்ணி சுவைக்காமல் போக அதையும் விட்டுவிடுவார்கள், கஃபீனும் சேர்ந்து நின்றுபோகும், இரண்டாம் நாள் தலையிடிக்கும். தலையிடிக்குக் காரணம் சீனி இல்லாததுதான் என்று நினைத்துத் திரும்பச் சீனிப் போத்திலைத் திறப்பார்கள். தேத்தண்ணியை விடாமல் சீனியை மட்டும் இறக்குங்கள்.

நாக்கு பழகுமா என்று கேட்பார்கள். பழகும். குறைந்த இனிப்பில் இரண்டு மூன்று மாதம் இருந்தவர்களுக்கு முன்பு அளவாக இருந்த பானம் திகட்டத் தொடங்குகிறது. கிழமைக் கடைசியில் ‘இண்டைக்கு மட்டும்’ என்று பழைய அளவுக்குப் போனால் இந்தப் பழக்கம் பின்வாங்கும். ஆகையால் தேத்தண்ணிக்கு விடுமுறை நாள் கொடுக்காதீர்கள். விடுமுறை வேண்டுமென்றால் அது பலகாரத்துக்கு இருக்கட்டும்.

பனங்கட்டியைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே அதை மருந்து என்றே நம்புகிறவர்கள் நிறைய. பனங்கட்டியில் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே சுக்குரோசுதான். கனியுப்புகள் கொஞ்சம் உண்டு, மணம் உண்டு, எங்கள் மண்ணின் பொருள் என்ற பெருமையும் உண்டு. இரத்தத்தில் வெல்லத்தை, அதாவது குளுக்கோசை, ஏற்றுவதில் அது சீனிக்குத் தம்பிதான். சலரோகம் (நீரிழிவு) உள்ளவர் ‘சீனி விட்டுட்டன், இப்ப பனங்கட்டிதான்’ என்று சொன்னால் அவர் ஒன்றையும் விடவில்லை. இருந்தாலும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கிற பழைய முறையில் ஒரு நல்ல பயன் இருக்கிறது. வெறுந்தேத்தண்ணியில் கரைந்த சீனி கப் முழுதும் பரவிப் போகும். வாயில் வைத்த கட்டி நேரே நாக்கில் படும். அதனால் சுண்டுவிரல் நுனியளவு, ஏறத்தாழ 5 கிராம் துண்டு ஒரு முழுக் கப்புக்குக் காணும். பனங்கட்டிக் குட்டானை (ஓலைப்பெட்டியில் வரும் கட்டியை) உடைக்கும் அன்றே பாக்குவெட்டியால் சிறு துண்டுகளாக வெட்டி டின்னில் போட்டு வையுங்கள். குட்டானை அப்படியே வைத்துக்கொண்டு தேத்தண்ணி நேரத்தில் கையால் உடைத்தால் வருகிற துண்டு எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும்.

இனி ஆசை எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் காலை பத்தரை, பின்னேரம் நாலு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. பத்தரை மணி ஆசையின் வேர் காலைச் சாப்பாட்டில். சீனி தூவிய பிட்டும் வாழைப்பழமும், அல்லது பாணும் ஜாமும், அல்லது வெறும் வயிற்றில் இனிப்புத் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் என்றால் இரத்தத்தில் வெல்லம் விரைவாக ஏறி விரைவாக இறங்கும். இறங்கும்போது கை தானாக இனிப்பைத் தேடும். அதே பிட்டை விடத் தேவையில்லை. பங்கைக் கொஞ்சம் குறைத்து, முட்டைப் பொரியலோ கடலைக்கறியோ மீன்குழம்போ, கூடவே முருங்கையிலை வறையோ வையுங்கள். புரதமும் நாரும் சாப்பாட்டை வயிற்றில் மெல்லக் கரைய வைக்கும். அரிசிமாப் பிட்டுக்குப் பதில் குரக்கன் பிட்டோ ஒடியல் பிட்டோ என்றால் இன்னும் நல்லது. மாம்பழக் காலத்தில் பிட்டோடு கறுத்தக்கொழும்பான் சாப்பிடுவதை யாரும் விடச் சொல்லவில்லை. அதன்மேல் சீனி தூவாமல் இருந்தால் சரி. விளாம்பழத்துக்கும் இதே சொல். சீனி போட்டுப் பிசைவது பழக்கம், ஆனால் நன்றாகப் பழுத்த பழத்துக்கு அது தேவையில்லை, சரியாகப் பழுக்காத காய்வெட்டுக்குத்தான் தேவைப்படும்.

நாலு மணி ஆசை பசியும் பழக்கமும் கலந்தது. மத்தியானம் சோறு மலையாகவும் கறி ஓரமாகவும் இருந்தால் நாலு மணிக்குச் சோர்வு வரும், பேக்கரிப் பணிஸ் நினைவுக்கு வரும். அந்த நேரத்துக்கு வாய்க்கு வேலை கொடுக்கிற ஒன்றை முன்கூட்டியே வைத்திருங்கள். வறுத்த கச்சான் ஒரு கைப்பிடி, அவித்த கடலை, கௌபி, அவித்த பனங்கிழங்கு. எல்லாவற்றிலும் பொருத்தமானது புளுக்கொடியலும் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) தேங்காய்ச் சொட்டும். புளுக்கொடியலை வேகமாகச் சாப்பிட முடியாது. ஒரு துண்டை மென்று முடிக்கவே நிமிடங்கள் போகும், மெல்ல மெல்லத்தான் உள்ளே இருக்கும் மெல்லிய இனிப்பு வரும், தேங்காயின் கொழுப்பு வயிற்றை நிறைக்கும். மாச்சத்து உள்ள பொருள் என்பதால் சலரோகம் உள்ளவர்கள் இரண்டு மூன்று துண்டோடு நிறுத்த வேண்டும்.

இரவு ஆசை வேறு வகை. வயிறு நிறைந்திருக்கும், வாய்தான் கேட்கும். சாப்பாடு முடிந்தவுடன் பல் விளக்குங்கள். அதற்குப் பிறகும் கேட்டால் இருபது நிமிடம் தள்ளிப் போடுங்கள், முற்றத்தில் நடந்துவிட்டு வாருங்கள். ஆசை எழும்பி, உச்சத்துக்குப் போய், தானே இறங்கும். உச்சத்தில் நிற்கும்போது அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்காமல் இருப்பதே முக்கால்வாசி வேலை. நித்திரை குறைந்த நாளில் இதெல்லாம் இரட்டிப்பாகத் தாக்கும்.

இதற்கு எங்கள் வேலியிலேயே ஒரு கைமருந்து படர்கிறது. குறிஞ்சா. வறைக்கும் சொதிக்கும் ஆய்கிற அதே இலை. பச்சை இலை இரண்டு மூன்றைக் கழுவி, ஒரு நிமிடம் நன்றாக மென்று, சாறு நாக்கு முழுதும் படும்படி புரட்டி, சக்கையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். இப்போது ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் வையுங்கள். மண் மாதிரி நறநறக்கும், இனிப்பே தெரியாது. குறிஞ்சாவில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு வாங்கிகளில் ஒட்டிக்கொள்வதால் வருகிற விளைவு இது. உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை நிற்கும், பிறகு சுவை முழுதாகத் திரும்பிவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும், பலகாரம் சுடும் அன்று அடுப்படியில் நிற்கும்போதும் இதைப்போல உதவுவது வேறொன்றில்லை. ஆனால் இலை கசக்கும். அந்தக் கசப்பைத் தாங்க முடியாமல் மென்ற உடனே விழுங்கிவிடுகிறவர்களுக்கு நாக்கில் சரியாகப் படாது, பிறகு இலை வேலை செய்யவில்லை என்பார்கள்.

இந்த இடத்தில் சலரோகத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள் நின்று வாசிக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுக்கிறவர்களும் சீனியையும் சோற்றையும் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் வெல்லம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சுத் தடுமாறும். அப்படி வந்தால் அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. குவித்த மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடிக்க வேண்டும், பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை, தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். குறைக்கத் தொடங்குவதற்கு முன்பே கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குறிஞ்சாவும் வெல்லத்தை இறக்கக்கூடியது என்பதால் அதையும் வைத்தியரைக் கேட்காமல் நாள்தோறும் எடுக்காதீர்கள். மெட்ஃபோர்மின் மட்டும் எடுக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

செயற்கை இனிப்பு வில்லைகளுக்கு ஒரு வரி போதும். உடல் நிறையைக் குறைப்பதற்காக அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. ஏற்கெனவே சலரோகம் உள்ளவர்களை அந்த அறிவுரையில் சேர்க்கவில்லை. நாக்கைப் பழக்குவதுதான் நோக்கம் என்றால் வில்லை அதற்குத் தடைதான், ஏனென்றால் இனிப்பின் அளவு குறையாமலே இருக்கும்.

வெளியே போகும்போது கவனிக்க வேண்டியது திரவங்கள். இலங்கையில் 2016இல் இனிப்புப் பானங்களுக்கு நிற அடையாளம் வந்தது. 100 மில்லி லீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. மஞ்சள் என்றால் பயமில்லை என்று வாங்கிவிடுகிறார்கள். 100 மில்லி லீற்றரில் 8 கிராம் உள்ள மஞ்சள் பானம் 400 மில்லி லீற்றர் குடித்தால் 32 கிராம், அதாவது எட்டுக் கரண்டி. நிறத்தைப் பார்க்காதீர்கள், 100 மில்லி லீற்றருக்கான கிராமைப் போத்திலின் அளவால் பெருக்கி நூறால் பிரியுங்கள். குளிர் நாக்கை மந்தப்படுத்தும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சர்பத்துக்கும் நெல்லி கிரஷ்ஷுக்கும் ஐஸ்கிறீமுக்கும் அதனால்தான் இவ்வளவு சீனி தேவைப்படுகிறது. உருகிய ஐஸ்கிறீமை ஒரு கரண்டி வாயில் வைத்துப் பாருங்கள், திகட்டும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் ஐஸ்கிறீம் கடை வாசலைக் கடக்க வேண்டியிருக்கும். வெயிலில் நா வறண்டு போய் நுழைந்தால் ஜெலியும் பாணியும் ஊற்றிய ஸ்பெஷல்தான் கண்ணில் படும். முதலில் தண்ணி குடியுங்கள், பிறகு ஒரு கரண்டி கோன் போதுமா என்று யோசியுங்கள். திரும்பும்போது கச்சான் வாங்குவதில் ஒரு குறையுமில்லை.

தேத்தண்ணிக் கடையில் ‘சீனி குறைச்சு’ என்பது பயனில்லாத சொல். குறைத்தது எவ்வளவு என்பது போடுகிறவரின் கையைப் பொறுத்தது. டின்பால் ஊற்றுகிற கடையில் குறைக்கவே முடியாது, பாலிலேயே சீனி இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி டின்பாலில் ஏறத்தாழ 11 கிராம். ‘பிளேன்ரீ, சீனி போடாதேங்கோ அண்ணை, பக்கத்தில வையுங்கோ’ என்று கேட்டால் வேலை முடிந்தது. கோப்பி, பால்மா, சீனி மூன்றும் சேர்ந்து பைக்கற்றில் வரும் கோப்பித்தூளையும் பாருங்கள். சேர்மானங்கள் கூடிய அளவில் இருந்து குறைந்த அளவுக்கு எழுதப்படும். முதலாவதாகச் சீனி என்று இருந்தால் நீங்கள் வாங்குவது கோப்பி மணமுள்ள சீனி.

உறவினர் வீடுதான் உண்மையான சோதனை. அங்கே கேத்திலிலேயே சீனி கரைத்து எல்லோருக்கும் ஊற்றுவார்கள். கப் கையில் வந்தபின் மறுத்தால் மனம் நோகும். எனவே கதிரையில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். ‘மாமி, எனக்கு வெறுந்தேத்தண்ணி காணும், சீனி நான் போட்டுக்கொள்ளுறன்.’ ‘ஒரு நாளைக்குக் குடிச்சா ஒண்டும் செய்யாது பிள்ளை’ என்ற பதில் கட்டாயம் வரும். அதோடு வாதாட வேண்டாம். பலகாரத் தட்டு வரும்போது ஒரு துண்டை மகிழ்ச்சியோடு எடுங்கள். தேத்தண்ணியில் சேர்க்காமல் தவிர்த்த 13 கிராம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது, மாமிக்கும் மனம் நிறையும்.

பலகாரத்திலும் குறைக்கலாம். ஆனால் எதில் குறைக்கலாம், எதில் கூடாது என்பதைச் சமைக்கிறவர் அறிந்திருக்க வேண்டும். பாயாசம், சக்கரைப் பொங்கல், மோதகத்தின் உள்ளீடு, ஆடிக்கூழ் இவற்றில் இனிப்பு சுவைக்கு மட்டும்தான். பாதியாகக் குறைத்தாலும் ஒன்றும் கெடாது. தேங்காய்ப்பாலைக் கெட்டியாக விட்டு, ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் போதும். கேசரிக்கு ஒரு கப் ரவைக்கு முக்கால் கப் சீனி தாராளம். சீனி விழும்போதுதான் கேசரி இளகும் என்பதால், குறைத்த சீனிக்குக் கால் கப் தண்ணி கூட விடுங்கள், இல்லாவிட்டால் கட்டியாகிவிடும். கேக்கில் காற்பங்கு குறைக்கலாம். மூன்றில் ஒன்றுக்கு மேல் போனால் காய்ந்து, வெளிறி, எழும்பாமல் வரும். பட்டரோடு அடிக்கும்போது காற்றைப் பிடிப்பதும் ஈரத்தை வைத்திருப்பதும் சீனிதான்.

பயத்தம் பணியாரமும் அரியதரமும் வேறு. பயத்தம் பணியாரத்தில் பாகுதான் மாவைப் பிடித்து வைக்கிறது. பாகைக் குறைத்தால் உருண்டை கையிலேயே உதிரும், தப்பினால் எண்ணெய்ச்சட்டியில் வெடித்துப் பிரியும், நாட்பட வைத்திருக்கவும் முடியாது. அரியதரத்தில் ஈரமாவோடு சீனி இளகிச் சேர்ந்துதான் பதம் வருகிறது. குறைத்தால் மா சேராது, சுட்டபின் கல்லாகும். இவற்றின் அளவுக் குறிப்பைத் தொடாமல் உருண்டையைச் சிறிதாக்குங்கள். 4 சென்ரிமீற்றர் உருண்டையை 3.2 சென்ரிமீற்றராக உருட்டினால் பார்வைக்குக் கொஞ்சம்தான் சிறிது, உள்ளே இருப்பதோ சரி பாதி. தேசிக்காய் அளவில் இருந்து நெல்லிக்காய் அளவுக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சிறிய உருண்டைக்கு வெளிமாவும் எண்ணெயும் விகிதத்தில் கூடப் பிடிக்கும், ஆகவே தோய்க்கிற மாவை வழமையைவிடக் கொஞ்சம் தண்ணியாகக் கரைத்து, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். சுட்ட அன்றே அயலுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கிட்டுவிட்டு, மிச்சத்தை உள்ளே இருப்பது தெரியாத டின்னில் அடைத்துக் குசினியின் உயரத் தட்டில் ஏற்றுங்கள். சாப்பாட்டு மேசையில் கண்ணாடிப் போத்திலில் இருந்தால் போகிற வழியில் எல்லாம் கை வைக்கப்படும். உயரத்தில் இருந்தால், வேண்டும் என்று நினைத்துக் கதிரை இழுத்து எடுக்கிறவர் மட்டுமே எடுப்பார்.